ஜீவனாம்சம் இழப்பீடு ஆகாது

விவாகரத்துச் செய்தி வாசிப்போர் அண்மைக்காலமாக "மனைவிக்கு இத்தனை இலட்சம் இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவு" என்றே சொல்லி வருகிறார்கள். அந்தத் தொகை இழப்பீடு அன்று, ஜீவனாம்சம். வடசொல்லை விலக்கித் தமிழ்ச்சொல்லை வைத்துவிட்டதாக எண்ணி, சட்டத்தில் வேறொன்றைக் குறிக்கும் சொல்லை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

ஜீவனம் பிழைப்பு, அம்சம் பங்கு. பிழைப்புக்குரிய பங்கு என்பதே சொற்பொருள். ஜீவனாம்சத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'அலிமனி' என்பதும் ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்ததுதான்.

இழப்பீடு அப்படிப்பட்டதன்று. ஒருவர் செய்த தீங்கால் மற்றவருக்கு நேர்ந்த நட்டத்தை அளந்து கொடுப்பது அது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இரண்டையும் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது: ஜீவனாம்சம் 20ஆம் பிரிவில், உடலுக்கும் மனத்துக்கும் இழைத்த கொடுமைக்கான இழப்பீடு 22ஆம் பிரிவில். ஒரே மனுவில் இரண்டையும் கேட்ட பெண்ணுக்கு ஒன்று கிடைத்து மற்றது மறுக்கப்பட்டால், இந்தச் செய்தியாளர்கள் அதை எந்தச் சொல்லால் சொல்வார்கள்? மேலும், 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 25ஆம் பிரிவின்படி, நிலைமை மாறினால் நிரந்தர ஜீவனாம்சத்தைக் கூட்டவும் குறைக்கவும், பெறுபவர் மறுமணம் செய்தால் நிறுத்தவும் நீதிமன்றத்துக்கு இடமுண்டு. கணவனும்கூட அதைக் கேட்டு மனுச் செய்யலாம். நட்டத்துக்குக் கொடுத்த ஈடு மறுமணத்தால் நின்றுபோகுமா? "நான் என்ன தப்பு செய்தேன், ஏன் கட்ட வேண்டும்?" என்று கேட்கும் கணவன்மார்களுக்கு அந்தக் கேள்வியை எடுத்துக் கொடுப்பதே இந்த இழப்பீடு என்னும் சொல்தான்.

தனித்தமிழ் அன்பர்கள் ஆக்கிய வாழ்வூதியம், வாழ்க்கைப்படி ஆகியவற்றின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஊதியம் என்பது இன்றைய வழக்கில், செய்த வேலைக்கு வாங்கும் கூலி. இல்வாழ்க்கையை வேலையாக்கி மனைவியைப் பணியாளாக்கும் சொல்லை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. படி என்றால் பயணப்படி, அகவிலைப்படி நினைவுக்கு வரும். அதற்கும் அப்பால், படியளப்பவனின் தயவும் அதில் ஒட்டியிருக்கிறது. ஜீவனாம்சம் தயவில் கிடைப்பதன்று. அம்சம் என்னும் பகுதி உரிமையைச் சொல்லிவிடுகிறது, படி அதை மறைத்துவிடுகிறது.

சட்ட மொழிபெயர்ப்பாளர்கள் எழுதும் 'பராமரிப்பு' பொருளளவில் தவறன்று. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், கல்வி, மருத்துவம் அனைத்தையும் இதற்குள் அடக்குகிறது. ஆனால் துணைமின் நிலையத்துக்கும் பராமரிப்பு, லிப்டுக்கும் பராமரிப்பு என்றாகிவிட்ட பின், 'பராமரிப்பு வழங்க உத்தரவு' என்ற வரி யாருக்கு எதை என்று சொல்லாமலே நிற்கிறது. அதுவும் வடமொழி வழி வந்த சொல்லே என்பதால், தூய்மையின் பெயராலும் அதற்காக வாதாட இயலாது. இலங்கைத் தமிழரின் 'தாபரிப்பு வழக்கு' இதைவிட மேலானது. மனிதரை ஆதரித்தலைக் குறிக்க அங்கே நெடுங்காலமாக வழங்குகிறது.

தமிழ் வேரிலிருந்தே சொல் வேண்டுமெனில் 'பேணுதொகை' என்பேன். மனைவி, மக்கள், பெற்றோர் மூவருக்கும் அது பொருந்தும். இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும், அதற்கு முன்பிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் மூவரையும் சேர்த்தே சொல்கின்றன. அது வழக்கில் ஊன்றும்வரை, குடும்பநல நீதிமன்ற வாசலில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த 'இடைக்கால ஜீவனாம்சம்', 'நிலுவை ஜீவனாம்சம்' ஆகியவற்றைத் தொடாமல் விடுவதே முறை. மாதத் தொகை வராவிட்டால், அது கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்தால்தான் அந்த 144ஆம் பிரிவின்கீழ் அதை வசூலிக்க வாரண்ட் பெற முடியும். ஒருமுறை கொடுத்துத் தீரும் இழப்பீடு என்று நம்பவைக்கப்பட்டவர் அந்த மனுவைப் போடாமலே இருந்துவிடக்கூடும்.