பகா எண்: சொல்லும் பொருளும்

1-ஐவிடப் பெரிய ஒரு முழு எண்ணை, 1-உம் அதே எண்ணும் தவிர வேறெதுவும் மீதியின்றி வகுக்காவிட்டால் அது பகா எண். 2, 3, 5, 7, 11 என்று தொடங்கும் இந்த வரிசைக்கு முடிவே இல்லை. ஆங்கில வழியில் படித்தவர்கள் 'பிரைம் நம்பர்' என்பார்கள்.

பிரைம் என்பதற்கு மூலம் 'பிரைமஸ்' என்ற லத்தீன் சொல், பொருள், முதல். கிரேக்கத்தில் 'புரோட்டோஸ்'. கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட் இவற்றை 'முதல் எண்கள்' என்றே குறித்தார். இலங்கைப் பாடநூல்களில் வரும் 'முதன்மை எண்' இதே வழியில் வந்தது. அதில் பிழை இல்லை. ஆனால் முதன்மை என்றதும் முக்கியமானது என்ற பொருள்தான் முந்திக்கொள்கிறது. அந்த எண்ணின் குணத்தையே பெயராக்கியிருப்பதால் எனக்குப் பிடித்தது பகா எண்தான்.

பகுதி, பகுப்பு, பங்கு, பகிர்வு எல்லாம் ஒரே குடும்பம், வேர் 'பகு'. பகாத எண் என்பது ஈறு கெட்டுப் பகா எண் ஆனது: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிய சொல்லே அல்ல. நன்னூல் பதங்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரிக்கிறது. பகாப்பதத்துக்கு அது சொல்லும் முதல் அடையாளம் 'பகுப்பால் பயனற்று' என்பது. 'நடந்தான்' என்பதைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரிக்கலாம். 'நிலம்' என்பதைப் பிரித்தால் பொருளே போய்விடும். எண்ணுக்கும் அதே நியாயம்: 91 என்பது 7 × 13 என்று பகும், 97 பகாது. எழுதும்போது ஒற்றைக் கவனிக்க வேண்டும். 'பகாக் காரணி' என்பதில் ஒற்று மிகும். 'பகுபதம்' வினைத்தொகை என்பதால் அதில் மிகாது.

எண் பெரிதாக ஆக, பகுமா பகாதா என்று சொல்வதே பெரும்பாடு. 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் வரும் 4294967297-ஐப் பகா எண் என்றே பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் அதை 641 × 6700417 என்று பகுத்துக் காட்டினார். இன்னும் வியப்பானது 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 21 இலக்க எண். அது பகும் என்று 1876-இலேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா நிறுவிவிட்டார். எந்த எண்களால் பகும் என்பது மட்டும் தெரியவில்லை. 1903-இல் கோல் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர்தான் காரணிகளைக் கண்டார்: 193707721, 761838257287.

பகும் என்று அறிவது வேறு, பகுப்பது வேறு. செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றித் தரும், 1977-இல் உருவான ஆர்எஸ்ஏ மறையாக்க முறை நிற்பது இந்த இடைவெளியில்தான். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடி வேலை. 600 இலக்கங்களைத் தாண்டிய அந்தப் பெருக்கற்பலனை மட்டும் கொடுத்துப் பகுக்கச் சொன்னால் இன்றைய கணினிகளால் முடியவில்லை.