கோட் மணக்குதெண்டால் அறுவடைக்கு முதலே பாருங்கோ

போன காலபோக அறுவடை நேரம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில நிண்டனான், நாங்கள் எழுதிக் குடுத்த நெல் வாங்கிற சொஃப்ட்வெயர்தான் அங்க ஓடுது. ஒரு ஐயா ஒரு கையில பில், மற்றக் கையில போன், ரெண்டிலயும் வேற வேற காசு. "தம்பி, இதில எது என்ர காசு?" எண்டு கேட்டார். எனக்குப் பதில் வரேல்ல.

முதல்நாள் பின்னேரம் சாக்கு நிறைக் கழிவை மட்டும் மாத்தினனாங்கள், ஒரே ஒரு வரி. ஆனா அந்தக் கணக்கு பில்லுக்கு ஒருக்கா, எஸ்எம்எஸ்ஸுக்கு ஒருக்கா, மாத அறிக்கைக்கு ஒருக்கா எண்டு மூண்டு இடத்தில கொப்பி அடிச்சுக் கிடந்தது, நாங்கள் மாத்தினது பில்லில மட்டும்.

கோட் ஸ்மெல், அதாவது எழுதின புறோகிராமில வாற கெட்ட மணம், எண்டுறது இதைத்தான். கென்ட் பெக் எண்ட புறோகிராமர் வச்ச பேர், 1999 இல மார்ட்டின் ஃபவ்லரின்ர புத்தகத்தால பரவினது. இது பக், அதாவது நேரடிப் பிழை, இல்லை, புறோகிராம் ஓடும். குளக்கட்டின்ர வெளிப்பக்கம் ஈரம் கசியுறதைக் கண்டால் எங்கட கமக்காரர் தண்ணி நிக்குதுதானே எண்டு விட்டுட்டுப் போகமாட்டினம், கோட்டுக்கு மட்டும் நாங்கள் அப்பிடி விடுறம்.

கோட்டின்ர ஒரு பகுதி எவ்வளவு உறுதியா நிக்குது எண்டு அளக்க ரொபேர்ட் மார்ட்டின் எண்ட புறோகிராமர் சொன்ன கணக்கு ஒண்டிருக்கு. அதை அவர் பக்கேஜுகளுக்கு, அதாவது கிளாஸுகளைச் சேர்த்துக் கட்டின தொகுதிகளுக்குச் சொன்னவர், நான் கிளாஸுக்கும், அதாவது ஒரு வேலைக்கான தரவையும் கணக்கையும் சேர்த்து வச்ச கோட் துண்டுக்கும், போட்டுப் பாக்கிறனான். ஒரு கிளாஸ் எத்தினை கிளாஸை நம்பியிருக்கோ அதை, அது நம்பியிருக்கிறதையும் அதை நம்பியிருக்கிறதையும் கூட்டி வாற தொகையால பிரிக்கோணும். 0 எண்டால் உறுதி, 1 எண்டால் ஆட்டம். எங்கட கொள்வனவு கிளாஸ் 3 கிளாஸை நம்பியிருக்கு, 17 கிளாஸ் அதை நம்பியிருக்கு, 3/20, அதாவது 0.15. நல்ல உறுதியெண்டுதானே நினைப்பியள், நானும் அப்பிடித்தான் நினைச்சனான், ஆனா கோட்டில செய்த மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட் லொக்கைப் பாத்தால் ஒரு போகத்துக்குள்ள 41 தரம் மாறியிருக்கு, நிறை, ஈரப்பதன், பில், வங்கி எல்லாத்தையும் அதுக்குள்ளதான் போட்டு அடைச்சு வச்சிருந்தனாங்கள். எல்லாரும் சாய்ஞ்சு நிக்கிற தூணை நாங்களே நாளுக்கு நாள் ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறம்.

அதால எல்லா ஸ்மெல்லையும் துரத்திக்கொண்டு திரியாதேங்கோ. ஒருத்தரும் தொடாத மூலையில நீளமான மெதட் (கிளாஸுக்குள்ள ஒரு வேலையைச் செய்யிற துண்டு) கிடந்தால் கிடக்கட்டும். கனபேர் நம்பியிருக்கிற, அடிக்கடி மாறுற கிளாஸ் மணக்குதோ எண்டு முதல் பாருங்கோ.

நாங்கள் கழிவுக் கணக்கை ஒரே கிளாஸுக்குள்ள கொண்டுவந்தம், அப்பிடி மாத்துறதுக்கு முதல் பழைய பில் 60 ஐ எடுத்து, கணக்குச் சரியா வருதோ எண்டு பாக்கிற டெஸ்ட் எழுதினம். ரெண்டு பில் பிழைச்சது. ரெண்டுமே கமக்காரருக்குத்தான் குறைச்சுக் குடுத்திருந்தது, அடுத்தநாளே ஆலையில சொல்லி மிச்சக் காசைக் குடுப்பிச்சம்.