பிளாஷ் காட்டைத் தமிழில் என்ன சொல்வது?

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் என் மச்சாள் முன்பள்ளி நடத்துகிறாள். போன கிழமை போனபோது, ஒரு முழு பிறிஸ்டல் போட்டைத் தரையில் விரித்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தாள். துண்டுக்கு ஓர் எழுத்து, பிளாட்டிக்னம் பேனாவால். பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டி வாசிக்கப் பழக்கும் பிளாஷ் காட்.

“தாய்மாருக்கு நோட்டீஸ் ஒண்டு எழுதணும் மச்சாள். பிளாஷ் காட் செய்யிறதுக்கு ஆளுக்குக் கொஞ்சக் காசு தாங்க எண்டு. தமிழில என்னெண்டு போட?”

“மின்னட்டை” என்றேன், யோசிக்காமல்.

“கரண்ட் அடிக்குமா எண்டு கேப்பாங்க!”

அவள் சிரித்தது சரிதான் என்று வீட்டுக்கு வந்து யோசித்தபோது பட்டது. ஆங்கிலத்தில் ‘பிளாஷ்’ முதலில் தண்ணீர் தெறிப்பதைச் சொன்ன சொல். மின்னலுக்கும் வெளிச்சத்துக்கும் பிறகுதான் போனது. சட்டென்று காட்டி மறைப்பது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. நம் அட்டைக்கு வேண்டியது இந்தக் கடைசிப் பொருள் மட்டுமே. அட்டை மின்னுவதில்லை. ரீச்சரின் கை தூக்கிக் காட்டி இறக்குகிறது, அவ்வளவுதான். ‘மின்’ என்று தொடங்கினாலே மின்சாரமும் மின்னஞ்சலும் நினைவுக்கு வரும் காலத்தில் மின்னட்டை வாழ்த்து அனுப்பும் அட்டை போலத்தான் கேட்கிறது. ‘மின்வெட்டு அட்டை’ இன்னும் மோசம். மின்வெட்டு என்றால் மின்னல் வெட்டுவதும்தான். ஆனால் 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்களிடம் போய் அந்தப் பொருளைச் சொல்ல முடியுமா?

‘காட்’ நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. கிரேக்கர் பப்பைரசுத் தாளுக்கு வைத்த பெயர் இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கார்ட் ஆனது. அதே கிரேக்க வேரிலிருந்து கிளம்பிய இன்னொரு சொல் போர்த்துக்கேயரோடு கப்பலேறி வந்து நம் கடதாசி ஆனது. சீட்டு விளையாடுவதைப் பழைய ஆட்கள் கடதாசி விளையாட்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த வகை அட்டை பழையது. 1834இல் இங்கிலாந்தில் ஃபேவல் லீ மோர்ட்டிமர் என்ற பெண் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்க எழுத்தொலி அட்டைக் கட்டொன்றை வெளியிட்டார். எழுத்தொலி என்று நான் எழுதுவது ஆங்கிலத்தில் ‘ஃபொனிக்ஸ்’ எனப்படுவதை. அதை ‘ஒலிப்பியல்’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது பிழை. ஒலிப்பியல் மொழியியலாளரின் துறை. இதுவோ எழுத்தைப் பார்த்து அதன் ஒலியைச் சொல்லி, ஒலிகளைக் கூட்டிச் சொல்லை வாசிக்கும் பயிற்சி. ஆங்கிலத்துக்கு அது கட்டாயம் வேண்டும். பூனையைக் குறிக்கும் சொல்லை ‘சீ, ஏ, ரீ’ என்று எத்தனை தரம் சொன்னாலும் ‘கட்’ வராது. ‘க், அ, ட்’ என்றால் வரும்.

தமிழில் எழுத்தின் பெயரே அதன் ஒலி, ஆகவே பாதி வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். மச்சாளின் பாயில் அந்த நினைப்புக் கலைந்தது. ப, ட, ம மூன்றையும் வரிசையாக வைத்தாள். நாலு வயதுப் பெட்டை ஒன்று விரலால் தொட்டுத் தொட்டு “ப… ட… ம… படம!” என்றது. மச்சாள் ஒன்றும் சொல்லாமல் பேனாவை எடுத்து ‘ம’ மேல் ஒரு புள்ளி வைத்தாள். பிள்ளை புள்ளியையே பார்த்தது. பிறகு வாயை மூடி, “படம்ம்ம்” என்று இழுத்தது.

247 எழுத்துக்கும் 247 அட்டை வெட்டினால் பிறிஸ்டல் போட்டும் பொறுமையும் தீர்ந்துபோகும். க, ங, ச என்ற அகரமேறிய மெய்க்கு 18 அட்டை, கால் (ா), கொம்பு (ெ), விசிறிக்கு (ி) தனித் துண்டுகள் என்று பக்கத்தில் வைத்துச் சேர்க்கலாம். ஆனால் உகரமும் ஊகாரமும் இந்தக் கணக்குக்குள் வராது. கு, சு, டு, மு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுவதால் அந்த 36க்கும் தனி அட்டை வேண்டும். ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவாளாம்.

படம் போட்ட அட்டையில் இன்னொரு வில்லங்கம். பூனைப் படத்துக்குக் கீழே ‘பூனை’ என்று எழுதினால் பிள்ளை படத்தைத்தான் வாசிக்கும். கையால் படத்தை மறைத்தேன், பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. படம் பின்பக்கம் போகவேண்டும், வாசித்த பிறகு திருப்பிப் பார்க்க.

சரி, பெயர். காட்டுவதால் ‘காட்டட்டை’ என்று சொல்லிப் பார்த்தேன். காட்டு அட்டை! கணுக்காலில் ஏறி இரத்தம் குடிப்பதல்லவா அது. ‘படவட்டை’ இலக்கணத்துக்குச் சரி, ஆனால் வட்டை என்றால் நமக்கு வயல்வெளி. “அப்பா வட்டைக்குப் போயிற்றார்” என்று சொல்லும் பிள்ளை அதில் நெல்லைத் தேடும். அதை ‘பட அட்டை’ என்று பிரித்தே எழுதிவிடலாம்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அந்த மண்ணிலிருந்து புதுச்சொல் ஒன்று செய்துவிடவேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் இதற்குப் புதுச்சொல் தேவைப்படவில்லை. எழுத்து இருந்தால் எழுத்தட்டை, சொல் இருந்தால் சொல்லட்டை. எப்படிக் காட்டுகிறோம் என்பதை விட்டு, என்ன இருக்கிறது என்பதைப் பெயராக்கினால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆங்கிலப் பெயர் கையைப் பார்த்து வைத்தது, இது அட்டையைப் பார்த்து வைத்தது.

நோட்டீசில் ‘எழுத்தட்டை, சொல்லட்டை’ என்றே போட்டாள். நேற்றுப் போனேன். பாயில் இருந்த பிள்ளைகள் ஒரே சத்தம்: “ரீச்சர், மட்டையக் காட்டுங்க! மட்டையக் காட்டுங்க!”