மூலையில் ஒரு கையெழுத்து

போன மாதம் ஒரு எழுத்தாளர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். பனி படிந்த வயல், ஓரமாக நிற்கும் பழைய கார், தூரத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் ராட்சத இயந்திரம். கூடவே ஒரு குறிப்பு: "சார், நம்ம நாவலுக்கு இதையே ரேப்பரா வச்சிடலாம். நெட்ல எடுத்தது, காப்பிரைட் எல்லாம் கிடையாது."

புத்தகங்களுக்கு அட்டை வடிவமைப்பது என் தொழில். அறிவியல் புனைகதை என்றாலோ மாயாஜாலக் கதை என்றாலோ இப்படி ஒரு செய்தி கட்டாயம் வரும். "நெட்ல எடுத்தது" என்பதை ஆற்றில் மணல் அள்ளியது போலச் சொல்வார்கள். (ஆற்று மணலுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது வேறு கதை.)

படத்தைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. சிமோன் ஸ்டோலென்ஹாக். 1984-இல் பிறந்த சுவீடன்காரர். ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் ஏரித் தீவுகளில் வளர்ந்தவர். அவர் படங்களில் வரும் வயலும் மின்கம்பமும் குடியிருப்பும் அவர் சின்ன வயதில் பார்த்த அதே ஊர்தான். அந்த ஊருக்குள் இல்லாத ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். பறவைகளை வரையும் லார்ஸ் யோன்சன் தன் முன்னோடிகளில் ஒருவர் என்று சொல்லியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், காரணம் புரியும். வயல் மேல் விழும் சாயங்கால வெளிச்சம்தான் இயந்திரத்தின் மேலும் விழுகிறது. சேற்றுக் குட்டையில் அதன் நிழல் சரியான இடத்தில் இருக்கிறது. இயந்திரத்தை நாம் நம்புவது அந்தச் சேற்றை நம்பியதால்தான். கணினியில் வரைவது என்றால் பட்டனைத் தட்டுவது என்று நினைப்பவர்கள் அந்தக் குட்டையைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம்.

எழுத்தாளரிடம் பெயரைச் சொன்னேன். "அப்படியா சார்? படத்துல பேரு ஒண்ணும் இல்லையே" என்றார். இருந்திருக்காது. யாரோ வெட்டியிருப்பார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு வேலை செய்திருக்கிறேன். ஒரு மொழிபெயர்ப்பு நூலுக்கு அட்டை. இணையத்தில் கிடைத்த விண்கலம் ஒன்றை எடுத்துப் போட்டேன். வலது கீழ் மூலையில் குச்சி குச்சியாக ஒரு கையெழுத்து. தலைப்பு எழுத்துக்கு இடைஞ்சலாக இருந்தது, படத்தைச் சற்றுக் கீழே இறக்கி கட்டிங்கில் போகும்படி வைத்துவிட்டேன். புத்தகமும் வந்தது. பத்து வருடம் கழித்து உறுத்தல் தாங்காமல் அந்தப் படத்தை வரைந்தவர் யாரென்று தேடினேன். நூற்றுக்கணக்கான பிரதிகள் கிடைத்தன. வால்பேப்பராக, மொபைல் கவராக, யாரோ ஒருவருடைய யூடியூப் முகப்பாக. எல்லாவற்றிலும் அந்த மூலை மட்டும் இல்லை. நான் வெட்டியது போலவே ஊரெல்லாம் வெட்டியிருக்கிறது. வரைந்தவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நம் வார இதழ்களில் இப்படி இருந்ததில்லை. கதைத் தலைப்புக்குக் கீழேயே "ஓவியம்: ஜெயராஜ்" என்று போடுவார்கள். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எப்படி இருப்பார்கள் என்று ஒரு தலைமுறைக்குச் சொன்னது ஜெயராஜின் கோடுகள்தான். மணியம் செல்வன் போடும் ம.செ. என்ற இரண்டெழுத்தை வைத்தே படம் யாருடையது என்று வாசகர்கள் சொல்லிவிடுவார்கள். அதே வாசகர் இன்று ஒரு டிராகன் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கும்போது வரைந்தவரும் ஒரு ஆள் என்பது அவர் நினைவுக்கு வருவதில்லை.

அந்த ஆள் படத்துக்கு எவ்வளவு உழைக்கிறார் என்பதற்கு ஷான் டானைச் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் வளர்ந்தவர். மலேசியாவிலிருந்து அங்கே குடியேறிய சீனர் அவருடைய அப்பா. ஊரை விட்டுப் போகும் ஒரு மனிதனைப் பற்றி 2006-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 128 பக்கம், ஒரு சொல் கிடையாது, எல்லாம் பென்சில். நான்கு வருடம் ஆகியிருக்கிறது. கதாநாயகனுக்குத் தானே மாடலாக நின்று வீட்டிலேயே வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்தார். அந்த மனிதன் போய்ச் சேரும் நகரத்தில் விளம்பரப் பலகைகள் உலகில் எங்குமே இல்லாத ஒரு எழுத்தில் இருக்கும். விலங்குகளும் பழங்களும்கூட எந்த நாட்டிலும் இல்லாதவை. படிக்கத் தெரியாமல் அவன் முழிப்பது போலவே நாமும் முழிக்கிறோம். துபாயிலோ டொராண்டோவிலோ முதல் வாரம் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு அந்தப் பக்கங்களை விளக்கவே வேண்டாம்.

உலகத்தையே சுற்ற வேண்டியதில்லை, சென்னையிலேயே ஒன்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம் லண்டனில் ஒரு உணவகச் சுவரில் வரையப் போய் இரண்டு மாதம் தங்கினார். திரும்பி வந்து அந்த ஊரைத் தன் காட்டுக் கண்ணால் வரைந்தார். பிக் பென் கடிகார கோபுரம் சேவலாகிவிட்டது; இரண்டும் நேரம் சொல்பவைதானே. தரைக்கடியில் ஓடும் ரயில் மண்புழு. சென்னையின் தாரா புக்ஸ் அதை 2004-இல் புத்தகமாகக் கொண்டுவந்தது. ஃபேண்டஸி என்றால் கோட்டையும் கவசமும் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தச் சேவலைத்தான். அட்டையிலேயே இருக்கிறது.

இன்னும் பார்க்க ஆசைப்பட்டால் அறிவியல் புனைகதைக்கும் ஃபேண்டஸிக்கும் தரும் ஹியூகோ விருதில் தொழில்முறை ஓவியருக்கென்று இருக்கும் பிரிவைப் பாருங்கள். மைக்கேல் வீலன், ஜான் பிகாசியோ, ஜூலி டில்லன், ரோவினா காய் என்று ஒவ்வொரு பெயரையும் பிடித்துக்கொண்டு போகலாம். பெயர் கிடைத்ததும் அவரவர் சொந்தத் தளத்துக்குப் போய்விடுவது நல்லது. படத்தின் முழு அளவும் மூலையும் அங்கேதான் இருக்கும்.

சரி, எழுத்தாளரிடம் திரும்புவோம். ஸ்டோலென்ஹாக் வேண்டாம் என்றானதும், "அப்போ ஏஐ-ல போட்டுடலாமே" என்று தானே ஒரு டிராகன் படம் உண்டாக்கி அனுப்பினார். அதற்குத் தட்டிய வாசகத்தையும் கீழே ஒட்டியிருந்தார். எங்கிருந்தோ காப்பி செய்தது. அதில் "கிரெக் ருட்கோவ்ஸ்கி பாணியில்" என்று இருந்தது.

"இது யாருன்னு தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"ஆளா? நான் ஏதோ எஃபெக்ட் பேருன்னு நினைச்சேன்."

ருட்கோவ்ஸ்கி போலந்து நாட்டுக்காரர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேஜிக் போன்ற விளையாட்டுகளுக்கு வரைபவர். பொன்னிறப் புகைக்குள் டிராகன் இறங்குவது அவருக்குக் கைவந்த கலை. 2022-இல் படம் உண்டாக்கும் ஏஐ பரவியபோது லெக்சிகா என்ற தேடுதளத்தின் கணக்கில் அவர் பெயர் சுமார் 93,000 முறை தட்டப்பட்டிருந்தது. பிக்காசோவுக்கு சுமார் 2,000தான், அதற்கு மேல் இல்லை. தன் படம் ஒன்று வெளியாகிவிட்டதா என்று பார்க்கத் தன் பெயரையே இணையத்தில் தேடியிருக்கிறார். வந்த படங்கள் அவர் வரைந்தவை அல்ல.

எனக்கு இதில்தான் மனசு கலங்குகிறது. ஒரு பக்கம் படத்தை எடுத்துக்கொண்டு பெயரை வெட்டிவிடுகிறோம். இன்னொரு பக்கம் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுகிறோம். இரண்டிலும் அவருக்கு ஒரு பைசா போவதில்லை.

சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் என்ற மூன்று ஓவியர்கள் 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஏஐ நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அந்த வருடக் கடைசியில் ருட்கோவ்ஸ்கியும் அதில் சேர்ந்துகொண்டார். அதே 2023-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிளேஸ் என்ற மென்பொருளை இலவசமாகவே வெளியிட்டார்கள். நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத மாற்றத்தைப் படத்தில் செய்து, ஏஐ அந்தப் பாணியைத் தவறாகப் புரிந்துகொள்ளும்படி ஆக்கும். முழுப் பாதுகாப்பு என்று அவர்களே சொல்வதில்லை. பூட்டு என்பது நல்லவர்களுக்குத்தான் என்பார் என் பாட்டி.

நம் ஊர்ச் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக வரைகிற பிள்ளைகள். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதனால் வாய்வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். எந்தப் புத்தகத்துக்கு, எத்தனை வருடத்துக்கு, மின்னூலும் சேர்த்தியா என்று ஒரு மின்னஞ்சலாவது இருக்கட்டும். ஆனால் உரிமையை முழுதாக எழுதிக் கொடுத்த பிறகும் "இதை வரைந்தது நான்" என்று சொல்லும் உரிமை 57-ஆவது பிரிவில் ஓவியரிடமே இருக்கிறது. பதிப்பாளர்களிடம் இதைச் சொல்லும்போது பாதிப் பேர் ஆச்சரியப்படுகிறார்கள்.

கடைசியில் அந்த நாவலுக்கு ஒரு இளம் ஓவியர் வரைந்து கொடுத்தார். எழுத்தாளர் கேட்ட ராட்சத இயந்திரம்தான். ஆனால் அது இப்போது ஒரு உப்பளத்தில் நிற்கிறது. பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் அதன் கால்கள் தலைகீழாகத் தெரிகின்றன. முதலில் அனுப்பிய பென்சில் கிறுக்கலிலேயே அந்தப் பிம்பத்தைச் சரியான கோணத்தில் பிடித்திருந்தார்.

அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தபோது வலது கீழ் மூலையைப் பார்த்தேன். கையெழுத்து கட்டிங் கோட்டில் பாதி உட்கார்ந்திருந்தது. படத்தை நான்கு மில்லிமீட்டர் மேலே ஏற்றச் சொன்னேன். "பிளேட் போட்டாச்சு சார், சின்னக் கையெழுத்துதானே" என்றார் அச்சகத்துத் தம்பி. புது பிளேட்டுக்கு ஆன செலவை என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.