சொல் விளக்கம்: ஐகான்

சதா சகாய மாதா படம் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளுக்குப் புதிதல்ல. தங்க நிறப் பின்னணி, மாதாவின் முக்காட்டில் நட்சத்திரம், தாயின் வலக்கையை இரு கைகளாலும் பிடித்திருக்கும் குழந்தை இயேசு. அப்படியே கீழே பாருங்கள். குழந்தையின் ஒரு காலில் செருப்பு கழன்று வாரில் தொங்குகிறது. மேலே இருபுறமும் வானதூதர்கள். ஒருவர் கையில் சிலுவையும் ஆணிகளும், இன்னொருவர் கையில் ஈட்டியும் காடியில் தோய்த்த கடற்காளானும். வரப்போகும் பாடுகளைக் கண்டு அஞ்சிய பிள்ளை அம்மாவிடம் ஓடி வந்த வேகத்தில் செருப்பு கழன்றது என்று விளக்குவது மரபு. மூலப் படம் ரோம் நகரில், புனித அல்போன்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. நாம் 'படம்' என்று சொல்லிக் கடந்துவிடும் இதற்குக் கலையுலகில் பெயர் ஐகான்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'எய்கோன்' என்றால் சாயல், ஒத்த உரு. 'ஒத்திருத்தல்' என்ற வினையே அதன் வேர். விக்கிரகத்தைக் குறிக்கும் 'எய்டோலோன்' வேறு சொல், வேறு வேர். இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பல வீண் சச்சரவுகள் வருகின்றன.

இந்த எய்கோன் நம் பழைய தமிழ் வேதாகமத்தில் மூன்று உடையில் வருகிறது. ஆதியாகமத்தில் மனிதனைப் படைக்கும் இடத்தில் 'நமது சாயலாகவும்' என்று. கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்தச் 'சாயல்' எய்கோன்தான். வரிக்காசைக் காட்டச் சொல்லி, 'இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது' என்று இயேசு கேட்கும்போது, காசில் பதிந்த இராயனின், அதாவது ரோமப் பேரரசரின், முகமும் எய்கோன். கொலோசெயர் நிருபத்தில் கிறிஸ்து 'அதரிசனமான தேவனுடைய தற்சுரூபம்'. இதுவும் அதே சொல். காசில் இராயனின் சாயல், மனிதனில் கடவுளின் சாயல், கிறிஸ்துவில் காணக்கூடாத கடவுளே கண்ணுக்குத் தெரிகிறார். மூன்று வசனங்களையும் சேர்த்து வாசித்த நாளிலிருந்து எனக்கு அந்த வரிக்காசுக் கேள்வி முன்போல ஒலிப்பதில்லை.

கிறிஸ்துவை வரையலாமா என்ற கேள்வி 8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசையே பிளந்தது. படங்கள் அழிக்கப்பட்டன. தமஸ்கு நகர யோவான் என்ற துறவி அவற்றுக்காக வாதாடினார்: கடவுள் உடலெடுத்து வந்தார், கண்ணால் கண்டதை ஏன் வரையக்கூடாது? 787இல் திருச்சபை ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் தீர்ப்புச் சொன்னது. ஆராதனை கடவுளுக்கு மட்டும். படத்துக்குச் செய்வது வணக்கம், அது படத்தில் இருப்பவரைச் சேரும். சண்டை ஓய 843 வரை ஆயிற்று. ஆராதனை, வணக்கம் என்ற இந்த வேறுபாட்டை நம் ஊர் மறைக்கல்வியிலும் அப்படியே சொல்லித்தருகிறார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'சுரூபம்' பொருத்தமாகத் தோன்றும்; ஆனால் அது நம் கோயில்களில் சிலைக்கென்றே ஆகிவிட்டது. 'சாயல்' பொருளில் மிகச் சரி, ஆனால் சாயலைச் சுவரில் மாட்ட முடியாது. 'படம்' எல்லாவற்றுக்கும் பொது. 'திருவுருவ ஓவியம்' என்பதே என் தேர்வு. திரு என்ற அடை வழிபாட்டைக் காட்டும், உருவம் ஒத்த தன்மையைக் காட்டும், ஓவியம் சிலையிலிருந்து பிரித்துக் காட்டும். கணினித் திரையில் சொடுக்கும் ஐகானுக்குப் 'படவுரு' போதும்.

அப்புறம் வினைச்சொல். கிரேக்கத்தில் எழுதுவதற்கும் வரைவதற்கும் ஒரே வினை. அதனால் ஐகானை 'எழுதினார்' என்பது அந்த மரபில் வழக்கம். பிற மொழிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கோ அது வீட்டுப் பேச்சு. 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்கிறது குறள். அங்கே எழுதுவது மை. கண்ணுக்கு மை எழுதுகிறோம், சித்திரம் எழுதுகிறோம்.

எழுதும் முறையும் நமக்கு அந்நியமாகத் தெரியாது. மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பூசித் தேய்த்து, தங்கத்தகடு பதித்து, முட்டை மஞ்சள் கருவில் கலந்த நிறங்களை அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். மஞ்சள் கருவை விட்டுவிட்டால், தஞ்சாவூர்ப் பலகைப் படம் செய்பவருக்கு இதில் பாதி வேலை தெரிந்ததே. கடைசியில் உருவத்தின் அருகே பெயர் எழுதப்படும். பெயர் இல்லாத திருவுருவ ஓவியம் முடிந்ததாகக் கருதப்படுவதில்லை. சகாய மாதா படத்தின் மேல் மூலைகளில் நாம் அலங்காரம் என்று நினைத்த அந்த எழுத்துகள், 'கடவுளின் தாய்' என்பதன் கிரேக்கச் சுருக்கம்.