வேலையைத் தொடங்குமுன் கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போங்கள்

அமெரிக்காவில் சிறு பண்ணைகளுக்கு மண், நீர்ப் பாதுகாப்புத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். நிலம் வாங்கி விவசாயத்தில் இறங்கும் நம்மவர்களும் வருகிறார்கள். தகுதி எல்லாம் இருந்தும் பலர் அரசு உதவியைக் கோட்டைவிடுகிறார்கள். காரணம், அவசரப்பட்டு வேலையை முதலில் ஆரம்பித்துவிடுவது.

1996 முதல் நடக்கும் ஈக்விப் (EQIP) என்ற மத்திய அரசின் பண்ணை உதவித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல் நிலத்துக்கு வேலி, மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி, மண்ணை மூடி வளர்க்கும் கவர் கிராப், காய்கறிக்கு ஹை டனல் எனப்படும் பாலித்தீன் கூடாரம் என்று பலவற்றுக்கும் செலவில் ஒரு பங்கு கிடைக்கும். ஆனால் அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் தொடங்கிய வேலைக்குப் பணம் வராது. முன்கூட்டியே எழுத்தில் விலக்கு வாங்கியிருந்தால்தான் உண்டு. விண்ணப்பம் கொடுத்துவிட்டோமே என்பது போதாது.

தள்ளுபடியில் கிடைத்ததென்று கூடாரத்தை வாங்கி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தது ஒரு குடும்பம். மனசு கஷ்டமாகிவிட்டது. விவசாயத்துக்கு வந்து பத்து ஆண்டு தாண்டாதவர்களுக்கு உதவித்தொகை கூடுதல். பொருள் வாங்க முன்பணமும் கேட்கலாம். மற்றவர்களுக்கு வேலை முடிந்து, அதிகாரி பார்த்துச் சரி என்ற பிறகுதான் பணம். அதுவரை கைப்பணம்தான்.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் கவுன்ட்டியில், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதியில், உள்ள யுஎஸ்டிஏ (அமெரிக்க விவசாயத் துறை) சேவை மையத்தில். முதலில் அங்குள்ள எஃப்எஸ்ஏ (பண்ணைச் சேவை முகமை) பிரிவில், உங்கள் நிலத்தைப் பதிவு செய்து பண்ணை எண் வாங்குங்கள். நிலப் பத்திரம் வேண்டும். குத்தகைக்காரர் என்றால் குத்தகை ஒப்பந்தம். ஆம், குத்தகைக்காரரும் விண்ணப்பிக்கலாம், ஒப்பந்தக் காலம் முழுக்க நிலம் அவர் கையில் இருக்க வேண்டும். அப்புறம் என்ஆர்சிஎஸ் (இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை) பிரிவு. 1930களின் புழுதிப் புயல்கள் விளைநிலத்தை வாரிச் சென்ற காலத்தில், 1935இல், மண் பாதுகாப்புக்கென்று உருவான துறை இது. அதிகாரி நிலத்துக்கே வந்து பார்ப்பார். கட்டணம் கிடையாது.

அவரிடம் "என்ன மானியம் தருவீர்கள்?" என்று கேட்காதீர்கள். மழை பெய்தால் எந்தச் சரிவில் மண் கரைகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று கூட்டிப்போய்க் காட்டுங்கள். விண்ணப்பங்களை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். நிலத்தில் உள்ள பிரச்சினையும் அதற்கான தீர்வும்தான் அங்கே பேசும். ஆண்டு முழுக்க விண்ணப்பிக்கலாம் என்றாலும், ஒவ்வொரு மாநிலமும் ஒரு கடைசித் தேதி வைத்திருக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுதான்.

சிஆர்பி (CRP) என்ற நிலப் பாதுகாப்புத் திட்டம் வேறு வகை. 1985இல் வந்தது. அரிப்புள்ள நிலத்தைப் பயிரிடாமல் புல்லோ மரமோ வளரவிட்டால் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு வருட வாடகை தருவார்கள். புதிதாக நிலம் வாங்கியவர்கள் பொதுவாக 12 மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

எந்த ஒப்பந்தம் போட்டாலும், இடையில் நிலத்தை விற்க நினைத்தால் கிரயத்துக்கு முன்பே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தை ஏற்காவிட்டால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட நேரலாம்.