கடலுக்கடியில் ஒரு மலை, அதன் தலையில் ஒரு தண்ணீர்த் தொப்பி

“கோபால்ட் எடுக்க உரிமை கேட்கிறார்களே, அந்தக் கடலடி மலையில் உயிர் ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் பாறைதானா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் சொல்வது இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கும் அஃபனாசி நிகிடின் மலையை. 2024 ஜனவரியில் அந்த மலையை ஆராய உரிமை கேட்டு, ஜமைக்காவில் உள்ள சர்வதேசக் கடற்படுகை ஆணையத்திடம் இந்தியா விண்ணப்பித்தது. இலங்கையும் அந்தப் பக்கத்துக் கடற்படுகையைத் தன் கண்டத்திட்டின் நீட்சி என்று கோருவதால் செய்தி பெரிதானது.

கடலடி மலையில் என்னென்ன வாழும் என்று அறிய, நன்றாகச் சலித்துப் பார்க்கப்பட்ட வேறொரு மலைக்குப் போக வேண்டும். அட்லாண்டிக்கில், அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே இருக்கிறது கிரேட் மீட்டியர். மீட்டியர் என்பது ஒரு ஜெர்மன் ஆய்வுக் கப்பலின் பெயர். 4,000 மீட்டருக்கும் ஆழமான தரையிலிருந்து எழும்பி, நீர்மட்டத்துக்குச் சுமார் 300 மீட்டர் கீழே நின்றுவிடுகிறது இந்த மலை. முன்னொரு காலத்தில் கடலுக்கு மேலே தலைநீட்டிய எரிமலை இது. அலைகள் அறுத்துத் தட்டையாக்கிய பிறகு மெல்ல அமிழ்ந்தது. அந்தத் தட்டையான உச்சி மட்டுமே சுமார் 1,500 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சியைப் போல மூன்று மடங்குக்கு மேல். உச்சியில் மணல் பரவிக் கிடக்கிறது.

1998-ல் அந்த மணலை அள்ளிவந்து, மாவுச் சல்லடையைவிடப் பல மடங்கு நுண்ணிய வலையில் சலித்தார்கள். கிடைத்தவற்றில் ஹார்பாக்டிகாய்டு என்ற வகையைக் கை ஜார்ஜ், ஹார்ஸ்ட் ஷ்மிங்கே என்ற இரு ஜெர்மன் விலங்கியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். இறால், நண்டு குடும்பத்தைச் சேர்ந்த ஓட்டுடலிதான் இதுவும். ஆனால் நம் கூனி இறாலே இதன் பக்கத்தில் யானை. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. மணல் துகள்களுக்கு நடுவே நெளிந்து போக வசதியாக உடல் ஒடுங்கி நீண்டிருக்கும். ஆணின் உணர்கொம்பு நடுவில் மடங்கும். பெண்ணைப் பிடித்துக்கொள்ள அதுதான் கை. பெண் முட்டைப்பையை வயிற்றோடு சுமந்து திரியும். இன்ன இனம் என்று சொல்ல, ஊசி முனையால் ஒவ்வொரு காலையும் தனியே பிரித்து, நுண்ணோக்கியில் வைத்து, எந்தக் கணுவில் எத்தனை முடி என்று எண்ணி, கையால் படம் வரைய வேண்டும். 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த உச்சியில் மட்டும் 56 இனங்கள். அவற்றில் 54 அதுவரை அறிவியல் அறியாதவை.

56-க்கு 54! அந்த எண்ணை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. நண்டு, இறால் குஞ்சுகள் கடலில் மிதந்து ஊர் ஊராகப் போகும். ஹார்பாக்டிகாய்டு குஞ்சு அப்படியில்லை. பொரிந்ததும் பக்கத்து மணல் துகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வளரும். எப்போதாவது நீரோட்டம் மணலைக் கிளப்பினால் கூடவே கிளம்பும். அப்படிக் கிளம்பினால் அடித்துக்கொண்டு போய் 4,000 மீட்டர் பள்ளத்தில் விழ வேண்டியதுதானே? விழாமல் எப்படித் தங்குகிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் வருகிறது.

1923-ல் ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் ஒரு தொட்டி நிறைய நீரைச் சீராகச் சுழலவிட்டார். அதன் அடியில் ஒரு குட்டை உருளையை மெதுவாக நகர்த்தினார். உருளை தொட்டியின் உயரத்துக்கு இல்லை. மேலே நிறைய நீர் இருக்கிறது. சாதாரணத் தொட்டியில் நீர் அதன் மேல் ஏறிக் கடந்து போகும். சுழலும் தொட்டியில் போகவில்லை. உருளைக்கு மேலே, வெறும் நீரில் விட்ட சாயம், அங்கே ஒரு கண்ணாடித் தூண் நிற்பதுபோல இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. உருளையின் தலைமேல் இருந்த நீர், உருளை போகும் இடமெல்லாம் அதனோடு போனது.

ஏன்? தட்டாமாலை சுற்றியவர்களுக்கு இது தெரியும். கையை உடம்போடு ஒட்டினால் வேகம் கூடும், விரித்தால் தணியும். சுழலும் நீரை நெட்டுக்குத்தான தூண்களாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தூண் மேட்டின் மேல் ஏற வேண்டுமானால் உயரம் குறைய வேண்டும். குறைந்தால் பக்கவாட்டில் பருக்க வேண்டும். பருத்தால், கை விரித்த பிள்ளையைப் போல, சுழற்சி தணிய வேண்டும். மெதுவாக வரும் ஓட்டத்துக்கு இவ்வளவு மாற்றம் கட்டுப்படியாகாது. அதனால் ஏறாமல் சுற்றிப் போகிறது. மேட்டின் மேல் இருக்கும் நீர் தனித்து விடப்படுகிறது.

சரி, கடல் எங்கே சுழல்கிறது? பூமியோடு சேர்ந்துதான். துருவத்தில் நிற்கும் நீர்த்தூண் ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றும். நிலநடுக்கோட்டில் சுற்றவே சுற்றாது. கிரேட் மீட்டியர் ஏறத்தாழ 30 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே இரண்டு நாளுக்கு ஒரு சுற்று. நமக்கு இது ஆமை வேகம். ஆனால் அதையும்விட நிதானமாக நகரும் கடலோட்டத்துக்கு இந்தச் சுழற்சியே பெரிய கட்டுப்பாடு. மலை மேல் அமுங்கிய நீர் பூமியைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுழல்வதால், பூமியோடு சுற்றும் நம் கண்ணுக்கு அது வலஞ்சுழியாகத் தெரியும். தினமும் வந்துபோகும் ஓதமும் அதே திசையில் நீரைத் தள்ளிச் சுழலை வலுவாக்குகிறது. கடலில் லேசான நீர் மேலும் கனத்த நீர் கீழுமாக அடுக்கி இருப்பதால், டெய்லர் கண்ட தூண் கடல்மட்டம் வரை எட்டுவதில்லை. உச்சியின் மேல் ஒரு தொப்பியாக உட்கார்ந்துகொள்கிறது. அந்தத் தொப்பிக்குள் மிதக்கும் எதுவும் வாரக்கணக்கில் அங்கேயே சுற்றலாம். மணலோடு கிளம்பிய ஹார்பாக்டிகாய்டு திரும்ப அதே மணலில் வந்து இறங்க வாய்ப்புக் கூடுகிறது. சுற்றிலும் சுவர் எழுப்பியதுபோல்தான். ஆனால் சுவரும் தண்ணீர்தான்.

எல்லா ஓட்டுடலிக்கும் இது பொருந்தாது. நியூ கலிடோனியாவுக்குத் தெற்கே நார்ஃபோக் முகட்டில் வரிசையாகக் கடலடி மலைகள் உண்டு. அங்கே முனிடா என்ற ஒரு வகை வாழ்கிறது. பார்வைக்கு நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் நடுவில் இருக்கும். வாலை வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டு நீண்ட கைகளோடு நடக்கும். ஒவ்வொரு மலைக்கும் தனி இனம் இருக்கும் என்று எதிர்பார்த்து மரபணுவைப் பார்த்தபோது, மலைக்கு மலை பெரிய வித்தியாசம் இல்லை. அதன் குஞ்சுகள் நீண்ட நாள் மிதப்பவை. எந்தச் சுழலும் கொஞ்சம் கசியும். நீண்ட நாள் மிதப்பவருக்கு அந்தக் கசிவு போதும். ஆக, ஒரே மலை ஒருவருக்குச் சிறை, இன்னொருவருக்குச் சத்திரம். எது யாருக்கு என்பதை அவரவர் குழந்தைப் பருவம் தீர்மானிக்கிறது.

அப்புறம், பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021-ல் இந்தியா ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கிக் கலம் சென்னையில் உருவாகிறது. எனக்கு இதில் நிஜமான மகிழ்ச்சி. ஆனால் கலம் மேலே கொண்டுவரும் மணலைச் சலித்து, ஊசி முனையில் கால்களைப் பிரித்து, இது புது இனம் என்று சொல்லும் ஆளுக்கு வேலை வேண்டும். அந்தக் கண் பழக ஆண்டுகள் பிடிக்கும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் அது நடக்காது. கடலடி மலைப் பாறையின் மேல் படியும் கோபால்ட் ஓடு பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கிறது. அதைச் சுரண்டும் முன் பத்து ஆண்டு சலித்துப் பார்க்க நேரமில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது வாசகரின் மலைக்குத் திரும்புவோம். கிரேட் மீட்டியரில் கண்டதை அப்படியே அஃபனாசி நிகிடினுக்குப் பொருத்த முடியாது. அது நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 டிகிரி தெற்கில், மிகப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே நீர்த்தூண் ஒரு சுற்றுச் சுற்றச் சுமார் 19 நாளாகும். அவ்வளவு தளர்ந்த சுழற்சியில் தொப்பி பலமாக உட்காராது. உச்சியும் கிரேட் மீட்டியரைப் போல 300 மீட்டரில் இல்லை. ஆயிரம் மீட்டருக்கும் கீழே, வெளிச்சமே எட்டாத இருட்டில் இருக்கிறது. மணலில் வாழ்பவை அங்கே பக்கத்து ஆழ்தரையோடு கலந்திருக்கலாம், அல்லது வேறு ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கலாம். அங்கிருந்து ஒரு வாளி மணலை அள்ளி வந்து, அதே நுண்ணிய வலையில் ஊற்றிப் பார்க்க வேண்டும்.